கல்கத்தாவில் மறைந்த மேளகர்த்தா மாணவர்

டாலிகஞ்சில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் இசை நுழையாத இல்லம் ஒன்றைக் காண்பது அரிது. அலமாரியின் மேல் சுருதிப் பெட்டி ஒன்றேனும் இருக்கும். பெண் குழந்தை உள்ள வீடாயின், மாலை வேளைகளில் மாயாமாளவகௌளைச் சரளி வரிசை அண்டை வீட்டு வங்காளி அன்பர்களின் செவியிலும் விழுந்தே தீரும். அது 15ஆவது மேளகர்த்தா என்பதும், அதைப்போல் மொத்தம் 72 மேளங்கள் உண்டு என்பதும் நம் வீட்டுச் சிறுவர்க்கும் தெரிந்த செய்திகள். ஆனால் அந்த 72 மேளங்களை ஊன்றிக் கற்று, அவற்றின் துணைகொண்டு பியானோவுக்கும் பெரிய பல்லியத்திற்கும் இசை யாத்த ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார் என்பதும், அவர் இறுதி மூச்சு விட்டது நாம் வாழும் இம்மாநகரிலேதான் என்பதும் நம்மவருள் மிகச் சிலரே அறிந்தவை. அவர் பெயர் ஜான் ஃபோல்ட்ஸ்.

பல்லியம் என்று நான் எழுதுவது, ஆர்கெஸ்ட்ரா என மேனாட்டார் வழங்கும் பெருங்குழுவையே. வயலின், வயோலா, செல்லோ, குழல், எக்காளம், முரசு என எண்பது பேரும் நூறு பேரும் ஒருங்கே அமர்ந்து, எழுதி வைத்த தாளைப் பார்த்து, ஒருவர் கையசைவுக்கு இணங்க வாசிப்பது அது. கச்சேரி கேட்டே வளர்ந்த நமக்கு முதலில் அது சற்று அயலாகவே தோன்றும். பல ஆண்டுகளுக்கு முன் நம் நகரத்துப் பவுல் பேராலயத்தில் சிறு நரம்புக் கருவிக் குழு ஒன்றின் இசையைக் கேட்கச் சென்றேன். முதற்பகுதி முடிந்ததும், ராக ஆலாபனை முடிந்தாற் போலெண்ணி மகிழ்ந்து கைதட்டினேன். முன்வரிசையில் இருந்தோர் அனைவரும் திரும்பிப் பார்த்தனர். நான்கு பகுதிகளும் முடிந்த பின்னரே தட்டுதல் வேண்டுமாம்! நாணத்தால் தலை கவிழ்ந்தேனாயினும், அன்று கேட்ட ஒலி என்னை விடவில்லை. ஒலிபெருக்கி ஏதுமின்றி மரமும் நரம்பும் தாமே எழுப்பும் அந்த ஒலி, காதால் மட்டுமன்றி நெஞ்செலும்பாலும் கேட்கப்படுவது. எத்துணை உயர்ந்த இசைத்தட்டும் அதை முழுமையாய்த் தருவதில்லை.

மேனாட்டு இசைக்கும் நமக்கும் உள்ள உறவு புதிதன்று. சென்னைக்கு அருகே மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் தீட்சிதர் குடும்பம் வாழ்ந்த நாளில், பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று அதை நம் இசைக்கு உரியதாக்கினார். தமையனார் முத்துசுவாமி தீட்சிதரோ கோட்டைப் பாண்டு வாத்தியத்தார் முழக்கிய மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் இட்டார். சங்கராபரண நோட்டுசுரம் என்று நம் குழந்தைகள் பாடுபவை அவையே. அந்நாளில் நாம் அவர்களிடமிருந்து பெற்றோம். அவர்கள் நம்மிடமிருந்து பெற முயன்ற கதை ஏறத்தாழ நூறாண்டு கழித்தே தொடங்குகிறது. அதைத் தொடங்கி வைத்தவர் ஒரு பெண்மணி.

மாட் மெக்கார்த்தி என்னும் அவ்வம்மையார் 1882இல் அயர்லாந்தில் பிறந்தவர். இளமையிலேயே வயலின் மேதை எனப் பெயர் பெற்றவர். அன்னி பெசண்டு அம்மையாரின் தொடர்பால் இந்தியா வந்து தங்கி, நம் இசையைக் குருமுகமாகக் கற்றார். பார்த்துக் குறிப்பெடுத்துச் செல்லும் பிரயாணியைப் போலன்றி, தம்புரா மீட்டிக் குரலால் பாடிப் பயின்றார் என்பதே அவரது சிறப்பு. 1912இல் இலண்டன் இசைக் கழகத்தார் முன் இந்திய இசை பற்றி உரையாற்றியபோது, நுண்சுருதிகளைத் தம் குரலாலேயே பாடிக் காட்டினார். சாவித்திரி கதையை இசை நாடகமாக்கியவரும், வேதப் பாசுரங்களுக்கு இசையமைக்கவென்றே சமஸ்கிருதம் பயின்றவருமான குஸ்தாவ் ஹோல்ஸ்ட் அக்காலத்து இலண்டனிலேதான் இருந்தார். கீழ்த்திசைபால் ஆர்வம் பரவியிருந்த காலம் அது. எனினும் அவ்வார்வம் பெரும்பாலும் கதையோடும் தத்துவத்தோடும் நின்றது. நம் சுர அமைப்பின் உள்ளே புகுந்து பார்த்தோர் அரியர்.

மெக்கார்த்தி அம்மையாரை 1915இல் சந்தித்தவரே ஃபோல்ட்ஸ். பின்னாளில் இருவரும் மணம் புரிந்தனர். ஃபோல்ட்ஸ் 1880 நவம்பர் 2ஆம் நாள் மாஞ்செஸ்டரில் பிறந்தவர். நெசவாலை நகரமாகிய மாஞ்செஸ்டரை நம்மவர் துணி மூலம் அறிவர். அவ்வூரின் ஹாலே பல்லியம் இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்றது. தந்தையார் அதில் பஸூன் என்னும் குழல் வாசித்தவர். மகனும் 1900இல் செல்லோ வாசிப்பவராய் அதிலேயே சேர்ந்தார். கல்லூரியில் பயிலாமல், பல்லியத்தின் நடுவில் அமர்ந்து நாள்தோறும் கேட்டுக் கேட்டே இசை யாக்கும் கலையைக் கற்றவர் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். கேள்வி ஞானம் என்று நாம் போற்றுவது அதுவன்றோ! அரைச் சுரத்திலும் சிறிய காற்சுரங்களை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர் தம் இசையில் கையாண்டார்.

முதல் உலகப் போர் முடிந்ததும் அவர் ஒரு பெரும் பணியை மேற்கொண்டார். போரில் மாண்டோர் அனைவருக்குமாக, எந்நாட்டவர் என்ற வேறுபாடின்றி, இரங்கற் பேரிசை ஒன்றை 1919 முதல் 1921 வரை எழுதினார். ‘உலக இரங்கலிசை’ என்பது அதன் பெயர். விவிலிய வாசகங்களோடு கபீர்தாசரின் வாக்கையும் அதில் சேர்த்தார். அப்போரில் இந்தியப் படைவீரர் மட்டும் 74,000 பேருக்கு மேல் மாண்டனர் என்பதை எண்ணினால், இலண்டன் மண்டபத்தில் கபீரின் குரல் ஒலித்ததன் பொருத்தம் விளங்கும். 1923 நவம்பர் 11ஆம் நாள், போர் நிறுத்த நினைவு நாளன்று, ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அது அரங்கேறியது. பாடுவோரும் வாசிப்போருமாய் 1,200 பேர் அளவில் பங்கு கொண்டனர். 1926 வரை ஆண்டுதோறும் இலண்டனில் அது நிகழ்ந்தது. மக்கள் கண்ணீர் வடித்துக் கேட்டனர். விமரிசகருள் பலர் முகஞ் சுளித்தனர். அதன்பின் அது நிறுத்தப்பட்டது. அந்நினைவு நாளுக்கு வேறு விழா வகுக்கப்பட்டது. இரங்கலிசைத் தாள்கள் பெட்டிக்குள் போயின.

இனி மேளகர்த்தாவுக்கு வருவோம். நமக்கு நெருக்கமான செய்தி இதுவே. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் காலத்தில் வேங்கடமகி வகுத்த திட்டத்தின் அழகு அதன் கணக்கிலே உள்ளது. சட்சமமும் பஞ்சமமும் அசையாமல் நிற்க, ரிஷப காந்தாரங்கள் ஆறு வகையாயும், தைவத நிஷாதங்கள் ஆறு வகையாயும் இணைய, அவற்றைப் பெருக்க 36 வருகிறது. மத்தியமம் இரண்டாதலால் அது 72 ஆகிறது. ஐரோப்பிய இசையோ பல நூற்றாண்டுகளாக மேஜர், மைனர் என இரண்டு சுரவரிசைகளையே பெரிதும் சார்ந்து நின்றது. அந்த இரண்டும் நம் கணக்கில் சங்கராபரணத்தையும், நடபைரவி, கீரவாணி, கௌரிமனோகரி போன்றவற்றையும் ஒட்டியவை. எஞ்சிய அறுபதுக்கும் மேற்பட்டவை அவர்களுக்குத் திறவாத கதவுகள். ஃபோல்ட்ஸ் அக்கதவுகளைத் தட்டினார். 1920க்குப் பின் ‘முறைகளில் முயற்சிகள்’ என்னும் பொருள்படும் பெயரில் பியானோ இசை வரிசை ஒன்றைத் தொடங்கினார். ஒவ்வொன்றும் ஒரே சுரவரிசையில் அமைந்தது. தேர்ந்தெடுத்த ஏழு சுரங்களுக்கு வெளியே ஒரு சுரமும் தீண்டுவதில்லை என்பது அவர் தமக்கு விதித்துக் கொண்ட நோன்பு. அன்னிய சுரம் படாமற் பாடும் நம் வித்துவான்களுக்கு இது வியப்பன்று. நொடிக்கொரு முறை சுருதி நிலையை மாற்றிச் செல்லும் ஐரோப்பிய மரபில் வளர்ந்தவருக்கோ அது கடுந்தவம். 1934இல் வெளியிட்ட தம் நூலில் 90 சுரவரிசைகளின் பட்டியல் ஒன்றைத் தந்தார். அதற்கு அடித்தளம் நம் மேளகர்த்தாவே.

அதே காலப்பகுதியில் தமிழகத்தில் கோடீசுவர ஐயர் 72 மேளங்களிலும் முருகப் பெருமான்மீது தமிழ்க் கீர்த்தனங்கள் இயற்றிக் கந்தகானாமுதத்தை முடித்தார் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஒருவர் மாஞ்செஸ்டர்க்காரர், மற்றவர் மதுரைச் சீமையில் தோன்றிய கவிகுஞ்சர பாரதியின் பேரர். இருவரும் ஒரே ஏணியில் ஏறினர்.

பல்லியத்திற்காக அவர் எழுதியவற்றுள் தலையாயது ‘மூன்று மந்திரங்கள்’. அவதாரங்களைப் பொருளாகக் கொண்டு சமஸ்கிருத இசை நாடகம் ஒன்றை எழுதத் தொடங்கினார். அது நிறைவேறவில்லை. அங்கங்களுக்கு முன்னிசையாய் எழுதிய மூன்று பகுதிகளை மட்டும் காப்பாற்றிச் செப்பனிட்டார். செயலுக்கு ஒரு மந்திரம், ஆனந்தத்திற்கு ஒன்று, இச்சா சக்திக்கு ஒன்று. இரண்டாவதில் பெண்டிர் குரல்கள் சொல்லின்றி ஒலிக்கின்றன. மூன்றாவது முழுதும் தென்னிந்திய ஏழு சுர முறை ஒன்றிலேயே நடைபெறுகிறது. இத்தனை பெரிய பல்லியம் ஏழு சுரங்களுக்குள் அடங்கி நின்று இடிபோல் முழங்குவதை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

இங்கிலாந்து அவரைக் கேட்க விரும்பியது வேறு வகையில். ‘கெல்டிக் புலம்பல்’ போன்ற அவருடைய எளிய மெட்டுகள் வானொலியில் அடிக்கடி ஒலித்தன. பெரிய படைப்புகளுக்கு மேடை கிட்டவில்லை. இடையே பாரிசில் ஊமைப் படங்களுக்குப் பின்னிசை வாசித்தும் வயிறு வளர்த்தார். இந்நிலை அவர் ஒருவருக்கே நேர்ந்ததுமன்று. ஹாவர்கல் பிரையன் 1927இல் முடித்த மாபெரும் சிம்பொனி முதன்முறை ஒலிக்க 1961 ஆயிற்று. பார்சித் தந்தைக்குப் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த சொராப்ஜி, தம் இசையைப் பொது மேடையில் வாசிக்கவே கூடாதென்று பல்லாண்டு தடுத்து வைத்தார். இருபதாம் நூற்றாண்டு ஆங்கில இசையில் எல்கர், வாகன் வில்லியம்ஸ், ஹோல்ஸ்ட் முதலிய சில பெயர்களுக்குப் பின்னால் இவ்வாறு இருளில் நிற்போர் பலர்.

1935இல் ஃபோல்ட்ஸ் குடும்பத்தோடு இந்தியா வந்தார். 1936இல் அகில இந்திய ரேடியோ என்னும் பெயர் பிறந்தது. அதன் டில்லி நிலையத்தில் 1937 முதல் மேனாட்டு இசைப் பிரிவின் தலைமைப் பொறுப்பு அவருடையதாயிற்று. மேனாட்டு இசையை ஒலிபரப்புவதோடு அவர் அமையவில்லை. சித்தார், சாரங்கி, சரோத், தபலா முதலிய நம் கருவிகளை வாசிப்போரைக் கூட்டி, எழுதிய சுரத்தைப் பார்த்து வாசிக்கப் பழக்கி, ஒரு பல்லியமாக்கினார். அதற்கென்றே புதிய இசை எழுதினார். இந்தியக் கருவிகளும் ஐரோப்பியப் பல்லியமும் இணையும் ‘கிழக்கு மேற்குச் சிம்பொனி’யையும் யாத்தார்.

ஆர்மோனியத்தின் வரலாற்றிலும் அவருக்கு இடமுண்டு. ரேடியோவின் ஆங்கில ஏட்டில் 1938இல் அவர் எழுதிய கட்டுரை, அப்பெட்டியை இந்திய இசைக்குப் பகை எனச் சாடியது. பன்னிரண்டு கட்டைகளில் அடைபட்ட ஒலி கமகத்தையும் நுண்சுருதியையும் கொன்றுவிடும் என்பது வாதம். ரவீந்திரநாத தாகூருக்கும் ஆர்மோனியம் ஆகாது. 1940 மார்ச் முதல் நாள் லயனல் ஃபீல்டனின் நிர்வாகம் அதை ரேடியோவிலிருந்து விலக்கியது. 1971இல்தான் தடை சற்றுத் தளர்ந்தது. நாடக மேடையில் கிட்டப்பாவின் பாட்டுக்குத் தமையனார் காசி ஐயரின் ஆர்மோனியம் எத்துணை உயிரூட்டியது என்பதை அறிந்த நமக்கு அத்தடை மிகையாகவே தோன்றும். அதிலும், பியானோவின் பன்னிரண்டு கட்டைகளில் மேளகர்த்தாவை வாசித்தவர் ஆர்மோனியத்தைக் குறை கூறியது சிறு முரணே. ஆயினும் நம் இசை தன் இயல்பில் நிற்கவேண்டும் என்னும் அக்கறையால் எழுந்த முரண் அது.

டில்லியில் கண்ட வெற்றியால், கல்கத்தா நிலையத்திலும் அப்பணியைத் தொடங்க அவர் அழைக்கப்பட்டார். 1939 ஏப்ரலில் வந்து சேர்ந்தார். கல்கத்தா நிலையம் அப்போது கார்ஸ்டின் பிளேசில் இருந்தது. 1958இல் ஈடன் தோட்டத்தருகே மாறும்வரை அங்கிருந்தே மகாளய வைகறையில் மகிஷாசுரமர்த்தினி ஒலித்தது. நாம் உத்தம் குமார் பெயர் தாங்கிய மெட்ரோ நிலையத்தில் ஏறி எஸ்பிளனேடில் இறங்கினால், பின்பு நடந்தே செல்லக்கூடிய தொலைவுதான். நம் டாலிகஞ்சிலும் அந்நாளில் பல்லிய ஒலிக்குக் குறைவில்லை. 1931இல் தோன்றிய நியூ தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தில் ஆர்.சி. போராலும் பங்கஜ் மல்லிக்கும் வயலினையும் செல்லோவையும் சித்தாரோடு கலந்து கொண்டிருந்தனர். போராலும் ஊமைப் படங்களுக்குப் பின்னிசை நடத்தியவரே. நம் தமிழ்ப் படங்களும் அக்காலத்தில் இந்நகருக்கு வந்தே உருவாயின. சாமிக்கண்ணு வின்சென்டின் ‘வள்ளி திருமணம்’ 1933இல் இங்குதான் எடுக்கப்பட்டது. தமக்கு வேண்டிய கலைஞர்களை ஃபோல்ட்ஸ் இங்கே எளிதில் கண்டிருப்பார்.

காணுவதற்குக் காலம் அவரை விடவில்லை. வந்து ஒரு வாரத்திற்குள் வாந்திபேதி கண்டது. ஏப்ரல் 24ஆம் நாள் இரவு கழிந்து 25 புலருமுன் உயிர் பிரிந்தது. வயது 58. ‘கிழக்கு மேற்குச் சிம்பொனி’ தொலைந்து போயிற்று. எஞ்சிய கையெழுத்துத் தாள்களுள் பலவற்றை எலியும் எறும்பும் அரித்தன. மெக்கார்த்தி அம்மையார் துறவு பூண்டு ஓமானந்த புரி என்னும் பெயர் தாங்கி 1967இல் மறைந்தார்.

இங்கே நான் சற்று நின்று ஒன்று சொல்ல வேண்டும். நம் கீர்த்தனம் ஒன்றை எறும்பு அரிக்க முடியாது. அது சீடர் கழுத்தில் வாழ்கிறது. பல்லிய இசையோ தாளில் உறங்குவது. நூறு பேர் ஓரிடத்தில் கூடி வாசித்தாலன்றி அது விழிக்காது. வாசிப்போர் கூடினாலும் கேட்போர் வராவிடில் மறுமுறை கூட்டம் கூடாது. ஆதலின் அவ்விசையில் கேட்பவன் வெறும் விருந்தினன் அல்லன். பாதி உயிர் அவன் கையில் உள்ளது. ஃபோல்ட்ஸ் டில்லியில் எழுதியவற்றின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வாய்வழி பயின்ற வித்துவான்களுக்காக அவை தாளில் எழுதப்பட்டன. எழுதியவர் போனதும் தாளைப் படிக்க ஆளில்லை, வாயில் வைத்துக் காக்கச் சீடரும் இல்லை. இரு மரபுகளின் காவலும் அவற்றுக்குக் கிட்டவில்லை.

நம் மரபிலும் எல்லாம் கழுத்திலேயே தங்கிவிடுவதில்லை. நம் காலனியில் ஒரு வீட்டில், பாட்டியார் தம் கையால் எழுதி வைத்த பாட்டு நோட்டுகள் நான்கு இருந்தன. ஊஞ்சற் பாட்டு, நலங்குப் பாட்டு, ஓர் உறவினர் இயற்றிய சில பதங்கள். வீட்டிற்கு வெள்ளையடிக்கையில் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது கரையான் தின்ற தூளே மிஞ்சியிருந்தது. மெட்டு ஓரளவு நினைவிருந்த மருமகளுக்குச் சொற்கள் நினைவில்லை. ஃபோல்ட்ஸின் தாள்களை எறும்பு அரித்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தப் பெட்டியே கண்முன் வந்தது.

அவர் தாள்களுக்கு ஒரு மீட்பர் வாய்த்தார். மால்கம் மக்டொனால்ட் என்னும் இசை எழுத்தாளர் 1974 அளவில் ஃபோல்ட்ஸின் மகளாரைத் தேடிக் கண்டார். மகளாரின் மோட்டார்க் கொட்டகையில், சவப்பெட்டி அளவில் இரண்டு பெட்டிகள் நிறையக் கையெழுத்துத் தாள்கள் இருந்தன. அவற்றை வரிசைப்படுத்தி நூலும் எழுதினார். பின்னும் முப்பதாண்டு சென்று, பர்மிங்காம் நகரப் பல்லியம் சகாரி ஒராமோவின் தலைமையில் ‘மூன்று மந்திரங்க’ளைப் பதிவு செய்து 2004இல் வெளியிட்டது. 2007 நவம்பர் 11ஆம் நாள் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில், லியோன் பாட்ஸ்டைன் தலைமையில், பி.பி.சி. பல்லியமும் பல பாடற் குழுக்களும் கூடி ‘உலக இரங்கலிச’யை மீண்டும் நிகழ்த்தின. 1926க்குப் பின் அது முழுமையாய் ஒலித்தது அன்றுதான். 81 ஆண்டு மௌனம்! இந்தியக் கருவிப் பல்லியம் என்னும் கனவும் முற்றும் வீண்போகவில்லை. 1952இல் ரேடியோ வாத்திய விருந்தாவைத் தொடங்கியபோது ரவிசங்கரோடு அதை நடத்தியவர் நம் டி.கே. ஜெயராம ஐயர்.

சென்ற ஆண்டு நவராத்திரிக்கு நம் காலனியில் வீணை கற்பிக்கும் மாமி ஒருவர் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார். ‘மூன்று மந்திரங்க’ளின் பதிவை அவருக்குக் கேட்பித்தேன். மூன்றாவதைக் கேட்டு முடித்ததும், “சுரமெல்லாம் நம்முடையதுதான். ராகத்தைத்தான் காணோம்” என்றார். உண்மைதான். மேளம் சுரவரிசை, ராகம் பிறப்பது கமகத்திலும் பிடிப்பிலும். ஃபோல்ட்ஸ் ஏணியைக் கொண்டு சென்றார்; மாடியில் இருந்ததை முழுதும் கொண்டு செல்ல அவரால் இயலவில்லை. நான் மறுமொழி சொல்லாமல் இரண்டாவது மந்திரத்தை மீண்டும் வைத்தேன். சொல்லற்ற பெண் குரல்கள் எழுந்தன. மாமி தாம்பூலத் தட்டை மடியில் வைத்தபடி கண் மூடியிருந்தார். முடிந்தபின் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இவர் இங்கேயா காலமானார்?” என்று கேட்டு, “இன்னொரு தரம் போடுங்கள்” என்றார்.